கள்ளிமேட்டுப் பிடிமண்

கடமலைக்குண்டுச் சந்தையில் அந்தப் படத்தை விரித்த அன்று நல்ல காற்று. ஏஜெண்டு ராஜமணி கடலை வியாபாரியிடம் எடைக்கற்களை இரவல் வாங்கி நாலு மூலையிலும் வைத்தார். அப்படியும் படத்தின் நடுப்பகுதி மூச்சு விடுவதுபோல எழும்பி எழும்பித் தணிந்தது. ஆண்டிபட்டியிலிருந்து தேனிக்குப் போகும் கறுப்புக் கோடு ரயில் பாதை. கோட்டின் மேல் ஒரு சிவப்புக் கட்டம். அதைச் சுற்றி மஞ்சள், பச்சை, நீலம்.

“இது கள்ளிமேடு ஸ்டேஷன். இந்தா, இது பருத்தி ஆலை. இது சந்தைத் திடல். மஞ்சளா இருக்கது பள்ளிக்கூடம். பச்சை பூராவும் உங்க காடு.”

“நீலம் என்னங்கய்யா?” என்று கேட்டான் தவசி.

“வாய்க்கா. வைகைத் தண்ணியக் கொண்டாரப் போறாக.”

“மேட்டுக்கா?”

“இஞ்சின் வச்சு ஏத்துவாக. ரயிலையே ஓட்டுறவுகளுக்குத் தண்ணி ஏத்தத் தெரியாதா?”

கூட்டம் சிரித்து ஒத்துக்கொண்டது. தவசியின் முழங்கைக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள் அவன் மனைவி முருகம்மாள். கல்யாணமாகி வருஷம் திரும்பவில்லை. பானை வாங்கப் போனால் எல்லாப் பக்கமும் சுண்டிப் பார்த்துவிட்டுத்தான் முந்தியை அவிழ்ப்பாள். படத்தையும் அப்படித்தான் பார்த்தாள். ஒவ்வொரு நிறமாகக் கண்ணால் தொட்டுக்கொண்டு போனவள், ஓரம் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

“ஏங்கய்யா, செத்தா எங்கன வைப்பாக?”

யாரோ சிரித்தார்கள். “கூத்தப் பாருடா. குடி போகுமுன்னே குழி கேக்குது” என்றான் பக்கத்து வீட்டு அழகர். தவசிக்கு முகம் கறுத்துவிட்டது. “வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு புள்ள” என்று பல்லைக் கடித்தான்.

ராஜமணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனிதர். தேனி கடைத்தெருவில் அவருக்கு அண்ணன் தம்பிகள் ஜவுளி வியாபாரம் செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வெள்ளை உடுத்திக்கொண்டு போகும் வேதக்காரக் குடும்பம். “வாழ வர்ற எடத்துல அந்தப் பேச்சு எதுக்கும்மா?” என்றார். “அதெல்லாம் பின்னால பாத்துக்கிறலாம்.”

*

ரயில் ஓட்டுவது ஒரு கம்பெனி. நிலம் கொடுப்பது இன்னொன்று. ஊர்க்காரர்கள் முதலாவதைப் பெரிய கம்பெனி என்றும் இரண்டாவதைச் சின்னக் கம்பெனி என்றும் சொன்னார்கள். சின்னது பெரியதின் பிள்ளை. மதுரையிலிருந்து போடி வரைக்கும் பாதை போட வந்த பெரிய கம்பெனி, வழியில் ஜமீன்காரர்கள் வேண்டாமென்று தள்ளிய கள்ளிக்காட்டையும் சேர்த்து வாங்கிப் போட்டிருந்தது. கள்ளியும் உடைமரமும் ரயில் ஏறாது. ஆள் குடியிருந்தால்தான் பருத்தி விளையும், பருத்தி விளைந்தால்தான் வேகன் நிரம்பும். அந்த ஆளைப் பிடித்து வைக்கத்தான் சின்னக் கம்பெனி பிறந்தது. ராஜமணி அதன் ஏஜெண்டு.

பேச்சு இதுதான்: காட்டை வெட்டித் திருத்தி வெள்ளாமை செய்யலாம். விளைந்ததில் ஒரு பங்கு சின்னக் கம்பெனிக்கு. மிச்சத்தை விற்றால் ரயிலில்தான் ஏற்ற வேண்டும், வண்டி கட்டி வேறு சந்தைக்குக் கொண்டுபோகக் கூடாது. இப்படிப் பதினைந்து வருஷம் உழுதவனுக்கு நிலம் சொந்தம்.

நல்ல பேச்சாகத்தான் இருந்தது. ஆனாலும் யாரும் அசையவில்லை. தகரக் கூரை போட்ட ஸ்டேஷன் எழும்பிவிட்டது, பெயர்ப்பலகை நட்டாகிவிட்டது, ஊர்தான் இல்லை. ராஜமணி ஊர் ஊராகப் போய்க் காரணம் கேட்டார். தவசியின் ஊரான புங்கம்பாறையில் அழகர்தான் அதைச் சொன்னான்.

“சாமி இல்லாத மேட்டுல எவன்யா குடியிருப்பான்? நீங்க சர்ச்சு இல்லாத ஊருல இருப்பீகளா?”

ராஜமணி அன்றைக்குப் படத்தைச் சுருட்டிக்கொண்டு போனார். அடுத்த சந்தைக்கு வரும்போது படத்தில் ஸ்டேஷனுக்கு வடக்கே மசியால் சின்னதாக ஒரு சதுரம் போட்டிருந்தது. கோயில். “எங்க பேச்சியம்மனுக்கு வேதக்காரரு எடம் வாங்கிக் குடுத்துட்டாருய்யா” என்று புங்கம்பாறையே பேசிக்கொண்டது. முருகம்மாள் புது மசியைப் பார்த்தாள். அதன் பக்கத்தில் இன்னொரு சதுரத்துக்கு இடம் இருந்தது. கேட்கத்தான் வாய் வந்தது. தவசியின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

*

புது இடத்தில் சாமி வைக்க வேண்டுமென்றால் பழைய கோயிலில் பிடிமண் எடுக்க வேண்டும். பூசாரி சாமியாடி, பேச்சியம்மன் காலடியிலிருந்து ஒரு கை மண் அள்ளிக் கொடுப்பார். அதைக் கோடித்துணியில் முடிந்து, கூடையில் வைத்துத் தலையில் சுமந்து போக வேண்டும். போய்ச் சேரும் வரைக்கும் தரையில் இறக்கக் கூடாது. இறக்கிய இடத்தில் அவள் இறங்கிவிடுவாள்.

புங்கம்பாறையில் அதற்கு இன்னொரு முறையும் உண்டு. கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று திருவிழா வரி. வரி கொடுக்கிறவனுக்குத்தான் ஊர்ப் பொங்கலில் சோறு, ஊர்க் கிணற்றில் தண்ணீர், ஊர் மயானத்தில் இடம். பிடிமண் எடுத்துப் போகிறவன் தன் சாமியோடு பிரிந்து போகிறான். அன்றோடு அவன் தலைக்கட்டைக் கழித்துவிடுவார்கள். அதனால்தான் பிடிமண் எடுப்பதென்றால் பங்காளிகள் மொத்தமாகக் கிளம்புவார்கள், இல்லையென்றால் ஒருவரும் கிளம்பமாட்டார்கள். போகிற இடத்தில் பாதி ஊராவது இருக்க வேண்டுமே.

ராஜமணிக்கு இது தெரியாது. முதல் ரயில் கள்ளிமேட்டில் நிற்கும் நாளில் சாமியும் வந்து இறங்க வேண்டும் என்பது அவர் ஆசை. நாள் நெருங்கியது. தவசி, அழகர், இன்னும் நாலைந்து குடும்பங்கள் மட்டும்தான் தயாராக இருந்தன.

“பொறுத்துப் போகலாம்ல” என்றார் புங்கம்பாறைக்குத் தலைவரான பெரியதனம் மொக்கைச்சாமி. “இன்னும் பத்துக் குடும்பம் சேரட்டும். ஏலே தவசி, எடுத்தா எடுத்ததுதான். ஆகாதுன்னு திரும்பி வந்து நிக்க முடியாது, யோசிச்சுக்க.”

“திரும்பி வர்றதுக்கா போறோம்?” என்றான் தவசி. அவனுக்கு அப்போது இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அண்ணன்மார் மூவரோடு பிரித்தால் அவன் பங்குக்கு வரும் நிலத்தில் ஒரு கட்டிலைப் போட்டால் சுற்றி நடக்க இடமிருக்காது. “என் காட்டுல நான் நிக்கணும் அண்ணே. அம்புட்டுத்தான்.”

மண் எடுத்தார்கள். கண்டமனூர் வழியாக ஆண்டிபட்டிக்கு நடந்து வந்து ரயிலுக்குக் காத்திருந்தபோதுதான் வழக்கு கிளம்பியது.

“ரயிலுக்குள்ள கூடைய எறக்கலாமா?” என்றாள் அழகர் மனைவி இருளம்மாள்.

“எறக்கலாம். அது தரை இல்லையே, பலகை” என்றான் அழகர்.

“பலகை எதுமேல நிக்கிது?”

“சக்கரத்து மேல.”

“சக்கரம் எதுமேல?”

“தண்டவாளத்து மேல. ஏ, வக்கீலுக்குப் படிச்சவளே, தண்டவாளம் தரை மேல, போதுமா?”

“அப்ப எறக்காதீக. பேச்சி பாட்டுக்கு ரயிலே போதும்னு உக்காந்துட்டா, போடிக்கும் மதுரைக்குமா அவ பின்னால அலையச் சொல்றீகளா?”

டிக்கெட் கொடுக்கிறவர்கூடச் சிரித்தார். தவசி சிரிக்கவில்லை. கூடையைத் தலையிலிருந்து இறக்காமலேயே ஏறி, மேல்தட்டில் கூடை இடிக்காமல் முழங்காலை மடக்கி, பாதி குனிந்தவனாகக் கள்ளிமேடு வரைக்கும் நின்றுகொண்டே வந்தான். கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே உடைமரங்கள் பின்னால் ஓடுவதையெல்லாம் மற்றவர்கள் வாய் பிளந்து பார்த்தார்கள். முருகம்மாள் அந்தக் கழுத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். இவன் இனி இதை எங்கேயும் இறக்கப் போவதில்லை என்று அவளுக்குப் பட்டது.

*

கள்ளியை வெட்டினால் பால் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வை போகும். முதல் வருஷம் முழுக்க இரண்டு பேரும் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண் மட்டும் தெரியத் திரிந்தார்கள். வெட்டிய கள்ளி காய்ந்து மக்குவதற்குள் அதன் அடியிலிருந்து புதுக்கள்ளி முளைத்தது. ஆனி ஆடியில் கணவாய் வழியாக மேல்காற்று இறங்கினால் விதைத்த விதையை மண்ணோடு அள்ளி அடுத்தவன் காட்டில் போட்டுவிட்டுப் போகும். “நான் வெதைக்க வேண்டியதே இல்ல, தவசி வெதைச்சாப் போதும்” என்பான் கீழ்க்காட்டு அழகர்.

ஆனாலும் பருத்தி வெடித்தது. முதல் பருத்தி வேகனில் ஏறிய அன்று தவசி ஸ்டேஷன் வாசலில் நின்று, வேகன் கண்ணுக்கு மறையும் வரைக்கும் துண்டைக் கையில் வைத்துக்கொண்டிருந்தான். பேச்சிக்குக் கல் பீடம் கட்டினார்கள். குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. சந்தனம்மாள் என்று பெயர் வைத்தார்கள். ரயில் வரும் சத்தம் கேட்டால் சந்தனம் எங்கே இருந்தாலும் ஓடிவந்து தன் மேலெல்லாம் அதிர்வு ஏறட்டும் என்று தரையில் வயிற்றை வைத்துப் படுத்துக்கொள்வாள்.

நீலக்கோடு மட்டும் படத்திலேயே இருந்தது. இஞ்சின் வருகிறது, சீமையிலிருந்து கப்பலில் வருகிறது, சென்னைத் துறைமுகத்தில் நிற்கிறது என்று ராஜமணி ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு ஊர் சொன்னார். பிறகு சீமையிலேயே பருத்தி விலை விழுந்துவிட்டது. ஆலை கட்ட வந்த செங்கலைத் திரும்ப வேகனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பின்னால் வருவதாகச் சொன்ன குடும்பங்கள் வரவே இல்லை.

சந்தனத்துக்கு ஆறு வயது நடக்கும்போது குளிர்காய்ச்சல் கண்டது. பள்ளத்தாக்கு முழுக்க அந்த வருஷம் அதுதான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தூக்கித் தூக்கிப் போட்டது. தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ரயிலுக்குக் காத்திருந்தபோது, பெயர்ப்பலகையின் நிழலில், முருகம்மாளின் மடியில் குழந்தை அடங்கிவிட்டது. ரயில் வந்தது. எதிர்ப்பக்கம் போகிற ரயில்.

அந்த ரயிலில்தான் ஏறினார்கள். பிணம் என்று தெரிந்தால் ஏற்றமாட்டார்கள் என்பதால் முருகம்மாள் குழந்தையைத் தோளில் சாய்த்துத் தட்டிக்கொண்டே வந்தாள். எதிரில் இருந்த ஒருத்தி, “நல்லாத் தூங்குது, தட்டாத, முழிச்சிக்கிறப் போகுது” என்றாள். ஆண்டிபட்டியில் வண்டி பிடித்துப் புங்கம்பாறை எல்லைக்குப் போனார்கள்.

மொக்கைச்சாமி வந்து வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

“சிறுசு” என்றார். “சிறுசு தலைக்கட்டுக் கணக்குல வராது. மயானத்துக்குள்ள வேண்டாம். முள்வேலிக்கு வெளிய, ஓடைப்பக்கம் வச்சுக்கங்க.” அப்புறம் தவசியைத் தனியே கூப்பிட்டார். ஆனால் முருகம்மாளுக்குக் கேட்டது. “ஏலே, கோவிச்சுக்காத. பெரிய உசுருன்னா இங்கன எடுத்துட்டு வராத. என்னால ஊர மறுத்துப் பேச முடியாது.”

ஓடைக்கரையில் புதைத்து, தலைமாட்டில் ஒரு வெள்ளைக்கல்லை நட்டார்கள்.

*

அதற்கப்புறம் முருகம்மாள் பேசிய பேச்செல்லாம் ஒன்றே ஒன்றுதான். ராஜமணி வரும்போதெல்லாம் வழியில் போய் நின்றாள். “செத்தவுகள வைக்க ஒரு குறுக்கம் நெலம் வேண்டாம்யா. அரைக் குறுக்கம். பாறையா இருந்தாக்கூட நாங்க வெட்டிக்கிறோம்.”

ராஜமணி மதுரைக்கு எழுதிப் பார்த்தார். நேரிலும் போனார். திரும்பி வந்தவர் செருப்பைக் கழற்றி மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னார். “சுடுகாடு போட்டா அக்கம்பக்கத்து நெலத்துக்கு மதிப்பு கொறையுமாம். ஸ்டேஷன் பக்கத்துல அதெல்லாம் ஆகாதுங்கிறாக. மொத்த எடமும் வித்தப்புறம் மிச்சம் எதாச்சும் இருந்தாப் பாக்கலாங்கிறாக.”

“விக்கவே இல்லையேய்யா. பூராவும் மிச்சம்தான கெடக்கு.”

“நான் என்ன செய்ய முடியும் முருகம்மா?”

“நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். உங்களுக்குத் தேனியில எடம் இருக்குல்ல? சர்ச்சுக்குப் பின்னால, செவர் வச்சு?”

ராஜமணி தலையைக் குனிந்துகொண்டார். “இருக்கு” என்றார்.

“அது போதும்” என்று சொல்லிவிட்டு அவள் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து அவள் குறுக்கே நிற்கவில்லை. ராஜமணிதான் அவளைக் கண்டால் வேறு வழியாகப் போனார்.

அந்தச் சில வருஷங்களில் கள்ளிமேட்டில் யாரும் சாகவில்லை. சாகப் பயந்துகொண்டு இருந்தார்கள் என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் உண்மை. தலைவலி வந்தால்கூட மனிதர்கள் உள்ளூர யோசித்தார்கள். அழகரின் மாமியார் கிழவி ஒருத்தி இருந்தாள். லேசாக இருமினாலும் அவளை மகள் வீட்டிலிருந்து கடமலைக்குண்டில் மகன் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவள் நாலு தடவை சாகப் போய் நாலு தடவையும் தேறித் திரும்பி வந்தாள். “என்னைய ரயிலேத்தி ஏத்தியே ஆயுசு கூடிப்போச்சு” என்று அவளே சிரிப்பாள்.

*

சண்டை வந்தது. உலகத்தில் எங்கேயோ நடந்த சண்டை. அங்கே இரும்பு வேண்டுமாம், ஆள் போகாத பாதையில் கிடக்கிற தண்டவாளத்தைப் பெயர்த்தெடுக்க உத்தரவாகிவிட்டதாம். முதலில் யாரும் நம்பவில்லை. ரயிலை நிறுத்துவதாவது. சூரியனை நிறுத்துகிற மாதிரி அல்லவா? பிறகு ஒரு நாள் காலை ரயில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அதற்கப்புறம் போடிப் பக்கமிருந்து கடப்பாரைச் சத்தம் கேட்டது.

சின்னக் கம்பெனியின் ஆயுள் அத்தோடு முடிந்தது. வேகன் இல்லாதபோது வேகனை நிரப்பும் ஊர் எதற்கு? மொத்தக் காட்டையும் ஒரே அடியாகப் போடி வியாபாரி ஒருவருக்குக் கொடுத்துவிட்டுக் கணக்கை மூடினார்கள். பதினைந்து வருஷம் முடிய இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தது. ராஜமணி இதைச் சொல்ல வந்தபோது கையில் படம் இல்லை. சொல்லிவிட்டு, பேச்சியின் பீடத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் வெறுமனே நின்றார். அவருக்கும் வேலை போய்விட்டது என்பதை அவர் சொல்லவில்லை.

“புது மொதலாளி உங்கள வெளிய போகச் சொல்ல மாட்டாரு” என்றார். “கூலிக்கு இருக்கலாம்.”

“எங்க காட்டுல எங்களையே கூலிக்கா?” என்றான் தவசி.

குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஏலத்தோட்டத்துக்கும் தேயிலைக் காட்டுக்கும் மலையேறின. அழகர் மட்டும் போகவில்லை. பீடத்துக்கு விளக்கு வைக்க ஒருவனாவது வேண்டும் என்றான். போக இடமில்லை என்பதை அப்படிச் சொன்னான்.

தண்டவாளம் பெயர்க்கிற கேங்கு கள்ளிமேட்டுக்கு வந்தபோது ஆள் எடுத்தார்கள். தவசி போனான்.

“வேண்டாம் மாமா” என்றாள் முருகம்மாள்.

“கொண்டாந்தவுக தூக்கிட்டுப் போறாக. நான் தூக்கலேன்னா நிக்கவா போகுது?”

அவனுக்கு இப்போது நாற்பதுக்குள்தான் வயது. ஆனால் கழுத்து மட்டும் கிழவனுடையது. ரயில்மேட்டில் தண்டவாளத்தின் ஒரு முனையைத் தோளில் ஏற்றி நடக்கும்போது முன்னால் போனவனுக்கு ஜல்லியில் கால் வழுக்கியது. மற்றவர்கள் கீழே போட்டுவிட்டு விலகிவிட்டார்கள். தவசி போடவில்லை. போடத் தெரியவில்லை போலிருக்கிறது. இரும்பு அவன் முழங்காலுக்குக் கீழே இறங்கியது.

புண் பழுத்தது. தேனிக்குக் கொண்டுபோக ரயில் இல்லை. வண்டியில் கொண்டுபோய்க் காட்டினார்கள். காலை எடுக்க வேண்டும், நாள் கடந்துவிட்டது, எடுத்தாலும் சொல்ல முடியாது என்றார்கள். திரும்பக் கொண்டுவந்து குடிசையில் போட்டார்கள். வீச்சம் வாசல் வரைக்கும் வந்தது. இருளம்மாள் வேப்பிலையைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து போட்டாள்.

தவசி ஒன்றே ஒன்றைத்தான் கேட்டான். “முருகு, என்னைய எங்கன வைப்ப?”

சந்தையில் தான் கேட்டபோது கறுத்த அந்த முகத்தை அவள் பார்த்தாள். இருளம்மாளை அவன் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு விடிகாலையில் புங்கம்பாறைக்கு நடந்தாள். உயிரோடு இருப்பவனுக்குக் குழி கேட்கப் போகிறோம் என்று வழி முழுக்கக் கூசியது. எதிரில் வந்தவர்கள் யாரிடமும் எங்கே போகிறேன் என்று சொல்லவில்லை.

மொக்கைச்சாமி செத்துப்போயிருந்தார். பெரியதனம் இப்போது அவர் மகன் சுருளியாண்டியிடம் இருந்தது. உட்காரச் சொன்னான், மோர் கொடுத்தான், தவசியைப் பற்றி விசாரித்துக் கண் கலங்கினான். அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தவசிதான் ஓடையில் நீச்சல் பழக்கியவன்.

“எங்க மேல கொறை சொல்லாத ஆத்தா” என்றான். “அவரு என் சித்தப்பன் மாதிரி. ஆனா சாமி பிரிஞ்சு போச்சே. இன்னைக்கு உனக்கு எடம் விட்டா, நாளைக்கு மலைக்குப் போனவன், மதுரைக்குப் போனவன் எல்லாரும் வருவான். ஊர் ஒத்துக்கிறாது. அரிசி பருப்பு வேணும்னாக் கேளு, தர்றேன்.”

“அரிசி இருக்குய்யா” என்றாள் முருகம்மாள். மோரைக் குடித்து முடித்து, சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தாள்.

திரும்பி வந்தபோது தவசிக்கு நினைவு இருந்தது. அவள் வருகிற வழியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“கேட்டியா?”

“கேட்டேன் மாமா.”

“என்ன சொன்னாக?”

“எடுத்துட்டு வரச் சொன்னாக. சந்தனம் பக்கத்துலயே.”

அவன் கழுத்து நரம்புகள் அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தளர்ந்ததை அவள் பார்த்தாள். கூடையை இறக்கி வைத்த மாதிரி. மறுநாள் உச்சிப்பொழுதில் உயிர் பிரிந்தது.

*

போடி வியாபாரியின் காவல்காரன் அம்மாவாசி வந்து வாசலில் நின்றான். அவனுக்கும் இது பிடிக்கவில்லை. கண்ணைப் பார்க்காமல் பேசினான். “மொதலாளி காட்டுல தோண்ட விடக்கூடாதுன்னு உத்தரவு. என் சோத்துல மண்ணப் போட்டுறாதீக.”

“எதுவரைக்கும் உங்க மொதலாளி காடு?” என்று கேட்டாள் முருகம்மாள்.

“ரயில்மேடு வரைக்கும்.”

“அந்தப் பக்கம்?”

“அந்தப் பக்கமும் அவருதுதான்.”

“ரயில்மேடு?”

அம்மாவாசி யோசித்தான். “அது ரயில்காரவுகளது.”

“அவுகதான் போயிட்டாகளே” என்றாள் அவள்.

ரயில்மேட்டில் தண்டவாளமும் கட்டைகளும் போய் ஜல்லி மட்டும் கிடந்தது. அழகரும் அவளும் ஜல்லியை வாரி ஓரமாகக் குவித்தார்கள். அதற்குக் கீழே மண் மண்ணாக இல்லை. இத்தனை வருஷம் இஞ்சினும் வேகனும் ஏறி ஏறி இறுக்கிய தரை. கடப்பாரை பட்டுத் தெறித்தது. அம்மாவாசி கொஞ்ச நேரம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு மேலே ஏறி வந்து, அழகரின் கையிலிருந்த கடப்பாரையை வாங்கிக்கொண்டான்.

பொழுது சாய்வதற்குள் ஒரு ஆள் ஆழம் இல்லை, இடுப்பளவுதான் ஆனது. அதற்கு மேல் இறங்கவில்லை. அதிலேயே வைத்தார்கள். தன் காட்டில் நிற்க வந்தவன், தன் காட்டைப் பார்த்தபடி, யாருக்கும் சொந்தமில்லாத ஒரு கீற்று நிலத்தில் படுத்தான். மேலே ஜல்லியைப் பழையபடி பரப்பியபோது, முருகம்மாளுக்கு ரயில் வந்துவிடுமோ என்று ஒரு கணம் காது பாதையின் வளைவுப் பக்கம் திரும்பியது.

அந்த வருஷமும் அடுத்த வருஷமும் பஞ்சம். அழகரின் மாமியார் கிழவி கடைசியில் ரயிலேறாமலே செத்தாள். ரயில்மேட்டில்தான் வைத்தார்கள். வியாபாரி புதிதாகக் கொண்டுவந்து வைத்த கூலிக்காரக் குடும்பங்களில் வாந்திபேதி கண்டபோது இன்னும் சிலரை வைத்தார்கள். வரிசையாக, நேராக, ரயில் போன திசையிலேயே. முருகம்மாள் வியாபாரியின் காட்டில் களை எடுத்தாள், பருத்தி எடுத்தாள். சாயங்காலம் ரயில்மேட்டில் முளைக்கிற எருக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். வழிப்போக்கர்கள் அதைக் கள்ளிமேட்டு மயானம் என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்கள்.

*

வெள்ளைக்காரன் போன பிறகு ஒரு நாள் ரயில்மேட்டில் சிவப்புக் கொடி தெரிந்தது. தொப்பி வைத்த ஒரு இளம் அதிகாரி முக்காலியில் கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தார். பின்னால் சங்கிலி பிடித்துக்கொண்டு ஆட்கள். நல்லமாதிரியான பையன். அவளைப் பார்த்ததும் அவராகவே பேசினார்.

“ஆத்தா, சந்தோசமான சேதி. திரும்ப ரயில் விடப் போறாங்க.”

“இதே வழியாவா அய்யா?”

“இதே வழிதான். மேடு போட்டு வச்சிருக்காங்களே, எதுக்குப் புதுசா?”

“செத்த வளைஞ்சு போகாதா? இங்கன மட்டும்?”

அவர் சிரித்தார். “ரயில் என்ன மாட்டு வண்டியா ஆத்தா, வேணுங்கிற எடத்துல வளைய?” பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். கீழே ஜல்லியைப் பார்த்தார். அங்கங்கே நட்டிருந்த கற்களைப் பார்த்தார். எதற்கென்று கேட்கவில்லை. கேட்டால் எழுத வேண்டியிருக்கும். ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டு நகர்ந்துபோனார். அவர்கள் அடித்துவிட்டுப் போன முளைக்குச்சி தவசியின் நெஞ்சுக்கு நேரே நின்றது.

“பிடுங்கிப் போட்டுருவமா?” என்றான் அழகர்.

“பிடுங்கினா வேற அடிப்பான்.”

“தோண்டி எடுத்துருவமா?”

“எடுத்து?” என்றாள் அவள்.

தண்டவாளம் இன்றைக்கே வரப்போவதில்லை. ஒரு வருஷமோ நாலு வருஷமோ. ஆனாலும் அவள் மறுநாள் காலையே குளித்தாள். தவசியின் மேல் கிடந்த ஜல்லியை விலக்கி, கடப்பாரை முனையால் கீறி, ஒரு கை மண் எடுத்தாள். கோடித்துணி இல்லை. முந்தியில் முடிந்துகொண்டாள். கூடை தேவைப்படவில்லை.

கண்டமனூரில் ஒருத்தி, “வந்து உக்காந்துட்டுப் போ” என்று கூப்பிட்டாள். உட்காரவில்லை. உட்கார்ந்தால் முந்தி தரையில் படும். புங்கம்பாறை எல்லையில் ஊருக்குள் நுழையாமல் ஓடைப்பக்கம் இறங்கினாள்.

முள்வேலி இல்லை. வேலி இருந்த இடம், அதற்கு வெளியே இருந்த இடம், ஓடைக்கரை வரைக்கும் எல்லாம் உழுது கடலை போட்டிருந்தது. மஞ்சள் பூ எடுத்து நன்றாக வந்திருந்தது. வெள்ளைக்கல்லைத் தேடினாள். வரப்பு ஓரத்தில் பொறுக்கிப் போட்ட கற்குவியலில் நாலைந்து வெள்ளைக்கல் கிடந்தன. எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. எது சந்தனத்தின் கல் என்று தெரியவில்லை.

ஓடை வளைவையும் தூரத்து மலையையும் வைத்து உத்தேசமாக ஒரு இடத்தில் நின்றாள். முந்தியை அவிழ்த்து மண்ணைக் கையில் எடுத்தாள். இரண்டு கடலைச் செடிகளுக்கு நடுவில் விரலைத் திறந்தாள்.

“யாரது? ஆத்தா, நீயா?” வரப்பில் சுருளியாண்டி வந்துகொண்டிருந்தான். அவன் காடுதான் போலிருக்கிறது. “என்ன தேடுற?”

“ஒண்ணும் இல்லய்யா” என்றாள் முருகம்மாள். “கையில மண்ணு ஒட்டியிருந்துச்சு. உதறினேன்.”